கோபூஜைக்குப் போன செவலை

என் பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்கு நான் தாமதமாகத்தான் போனேன். அன்று காலை மான்குர்த்தில் ஓர் எருமைக்குக் கன்று குறுக்கே கிடந்தது. அதைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடிக் குளித்து, பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு மாட்டுங்கா மண்டபத்துக்கு வந்தபோது அபிஷேகம் முடிந்திருந்தது. உள்ளே நாதஸ்வரம் கேட்டது. வாசலில் வாட்ச்மேனின் ஸ்டூலில், புதுப் புடவை கட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நீங்க ஏன் வெளியில உக்காந்திருக்கீங்க?"

"உள்ள வராண்டாம்னுட்டாவ டாக்டரம்மா. மாட்டையும் கன்னையும் மட்டும் புடிச்சிட்டுப் போனாவ."

"யாரு?"

"பட்டு வேட்டி கட்டுன சாரு. உங்க அண்ணன்னு நினைக்கேன். பூஜை நடக்குத இடம், நீ இங்கனயே இருன்னாவ. நான் உள்ள போயி என்ன லஃப்டா பண்ணப் போறேன்? கயித்தப் புடிச்சிட்டு ஓரமா நிப்பேன். அவ்வளவுதான."

அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் காது மடல் சூடானது. மாடு உள்ளே போகலாம். மாட்டுக்குத் தினமும் குளம்பு கழுவிவிடுகிறவர் போகக்கூடாது.

நான் கால்நடை மருத்துவர். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பாங்கு, ரயில்வே, இன்ஷூரன்ஸ் என்று உத்தியோகம் பார்த்தவர்கள். என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது "டாக்டர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். எதற்கு டாக்டர் என்று யாராவது கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். செம்பூர், மான்குர்த், சுனாபட்டி என்று தொழுவம் தொழுவமாக அலைவதுதான் என் வேலை. வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவை அப்படித்தான் தெரியும்.

அவருக்குத் தென்காசிப் பக்கம். கணவர் தாராவியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வெல்டர். சுனாபட்டியில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட தொழுவத்தில் நான்கு மாடுகள் வைத்திருந்தார். நான் போகிற தொழுவங்களில், மூக்கைப் பொத்தாமல் உள்ளே நுழையக்கூடிய மிகச் சில இடங்களில் அது ஒன்று. மாடு படுக்கிற இடத்தில் ரப்பர் விரிப்பு. வெயில் காலத்தில் கூரைமேல் நனைத்த சாக்கு. தொட்டியில் எந்நேரமும் தண்ணீர், அதுவும் பாசி பிடிக்காத தண்ணீர். முதலில் வைக்கோல், பிறகு பசும்புல், அதற்குப் பிறகுதான் புண்ணாக்கும் தவிடும் என்ற வரிசையை அவர் மாற்றியதே இல்லை. கறப்பதற்கு முன் மடியைக் கழுவித் துடைப்பார், கறந்தபின் காம்புகளை மருந்துத் தண்ணீரில் முக்குவார், பிறகு மாடு உடனே படுத்துவிடாமல் இருக்கத் தீனி போடுவார். அதனால்தான் அங்கே மடிநோய் என்று என்னைக் கூப்பிடுவது அபூர்வம்.

அந்த நான்கில் உயர்ந்த கறவை செவலை. கன்று போட்டு அதிக நாள் ஆகவில்லை. திலக் நகரில் ஒரு கட்டடத்தின் பாதி வீடுகளுக்கு அதன் பால்தான் போனது.

என் பெரியப்பா மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவன், விழாவுக்கு முன்பு எனக்கு ஃபோன் செய்திருந்தான். "அப்பாவுக்குக் கோபூஜை பண்ணணும். கோவில் வாசல்ல கட்டியிருக்கற மாடு வேண்டாம், எலும்பும் தோலுமா இருக்கு. கன்னுக்குட்டியோட லட்சணமா ஒண்ணு உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

நான் அக்காவிடம் கேட்டேன். அவருக்கு அவ்வளவாக விருப்பமில்லை. கறக்கிற மாட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக யாருக்குத்தான் விருப்பம்? ஆனால் பெரியவர் ஒருவரின் எண்பதாம் வயது பூஜை, கேட்டது டாக்டரம்மா, மாட்டுங்காவில் இரண்டு வீட்டுப் பால் வாடிக்கை கிடைத்தாலும் நல்லது என்று ஒப்புக்கொண்டார். நான் அண்ணாவிடம் தெளிவாகச் சொன்னேன். புல் மட்டும். வேண்டுமானால் பெரியப்பா கையால் இரண்டு வாழைப்பழம். சோறு, பாயசம், ஸ்வீட் எதுவும் கூடாது. கூடவே அந்த அக்கா நிற்பார். "சரிடி, சரிடி, தெரியும்" என்றான்.

இப்போது அவனைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன்.

மண்டபத்தின் பின்கட்டில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கோலம் போட்டு, செவலையை நிறுத்தியிருந்தார்கள். நெற்றியிலும் இடுப்பிலும் மஞ்சள் குங்குமம். கழுத்தில் மாலை. முதுகில் ஜரிகைத் துண்டு. கன்றைத் தள்ளி ஒரு தூணில் கட்டியிருந்தார்கள், அது தாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. செவலைக்கு முன்னால் வரிசை. கையில் இலைத் துண்டோடு எல்லோரும் நின்றார்கள். அக்காரவடிசில், எலுமிச்சம்பழ சாதம், லட்டு, வாழைப்பழம். ஒருவர் வெறும் சாதத்தை உருண்டை உருட்டி நெய் ஊற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவரும் ஊட்ட, ஃபோட்டோகிராஃபர் படம் எடுக்க, பிடிக்காத படத்துக்கு மறுபடியும் ஊட்டச் சொன்னார். ஒரு மூலையில் காலியான பெரிய அன்னக்கூடை. அதிலிருந்ததும் மாட்டுக்குத்தான் போயிருக்கிறது. தண்ணீர் மட்டும் யாரும் வைக்கவில்லை.

"நிறுத்துங்கோ!" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. வரிசை திரும்பிப் பார்த்தது.

அண்ணா ஓடி வந்தான். "ஏண்டி கத்தறே? என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? நான் உங்கிட்ட என்ன சொன்னேன்? புல்லு மட்டும்னு சொன்னேனா இல்லையா?"

"புல்லுதான் வாங்கி வெச்சேன். பத்து நிமிஷத்துல தீர்ந்துடுத்து. வந்தவா எல்லாரும் ஆசையா நிக்கறா, வேண்டாம்னு சொல்ல முடியுமா? அதுவும் ஆசையாத்தான் சாப்பிடறது. போறும்னா அதுவே நிறுத்திக்கும்."

நிறுத்தாது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய அண்டா. அதற்குள் வைக்கோலையும் புல்லையும் மெதுவாகப் புளிக்கவைத்து உணவாக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாடு பால் கொடுப்பது அவற்றின் உழைப்பில். அந்த அண்டாவில் திடீரென்று சோற்றையும் சர்க்கரையையும் கொட்டினால், வேறு கிருமிகள் பெருகி, மொத்தமும் அமிலமாக மாறிவிடும். நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அமிலம் ரத்தத்தில் ஏறும். மாட்டுக்கு இது தெரியாது. சோறு மெல்ல வேண்டாம், இனிக்கிறது, கொடுத்தால் சாகிற வரைக்கும் தின்னும்.

இதை அண்ணாவிடம் சொன்னேன். 'சாகிற வரைக்கும்' என்றதும் ஒரு மாமி குறுக்கே வந்தாள். "நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்தை பேசறே? கோமாதாவுக்குக் குடுத்து யாராவது கெட்டுப் போயிருக்காளா?"

"குடுத்தவா கெட்டுப் போகலை மாமி."

மேடைப் பக்கமிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணும் இல்லப்பா, டாக்டர் வந்திருக்கா" என்றான் அண்ணா, சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நான் மாலையைக் கழற்றித் தரையில் போட்டேன். துண்டையும் போட்டேன். கயிற்றை அவிழ்த்து, கன்றையும் அவிழ்த்துக்கொண்டு, வரிசையைப் பிளந்து நடந்தேன். யாரோ "இன்னும் ஆரத்தியே எடுக்கலை" என்றார்கள். நான் திரும்பவில்லை. பெரியப்பாவுக்கு நமஸ்காரம்கூடச் செய்யவில்லை.

வாசலில் அக்கா எழுந்து வந்து மாட்டின் இடப்பக்க வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னத்தக் குடுத்தாவ?"

"சோறு. அக்காரவடிசில். லட்டு."

அவர் கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். "நீங்க சொன்னதாலதான டாக்டரம்மா நான் வந்தேன். இல்லைன்னா வருவனா?"

டெம்போவில் ஏற்றிச் சுனாபட்டிக்குக் கொண்டுபோனோம். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவப் பார்த்தேன். சோறு அடைத்துக்கொண்டு குழாயில் வரவில்லை. அமிலத்தை முறிக்கச் சோடா உப்பைக் கரைத்து ஊற்றினேன், ஊசிகள் போட்டேன், வைக்கோல் மட்டும் காட்டச் சொன்னேன். சாயங்காலம்வரை செவலை நின்றுகொண்டிருந்தது. ஒருவேளை தப்பித்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஃபோன் வந்தது. "டாக்டரம்மா, குடிச்சவன் கணக்கா தள்ளாடுது. அசை போடல. பல்ல நறநறன்னு கடிக்கி. சாணி தண்ணியாப் போகுது, அதுல சோத்துப் பருக்கை முழுசு முழுசாக் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். கண்கள் உள்ளே போயிருந்தன. தோலை இழுத்துவிட்டால் திரும்பி அமரவில்லை. வயிற்றைத் தட்டினால் உள்ளே தண்ணீர்க் குடம்போலக் களக் களக்கென்றது. மருந்து கேட்கிற கட்டம் தாண்டிவிட்டது. வயிற்றைத் திறந்து உள்ளே இருப்பதைக் கையால் அள்ளி எடுத்தால் ஒரு வாய்ப்பு இருக்கிறது, எடுக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் விழுந்துவிடும், விழுந்தால் எழுந்திருக்காது என்று சொன்னேன்.

"திறங்க" என்றார். கணவர் வேலைக்குப் போகாமல் நின்றார்.

நரம்பில் மருந்துத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே, இடப்பக்க விலாவை மரக்கவைத்து, மாட்டை நிறுத்திவைத்தே கீறினேன். கணவர் ஒரு பக்கம் தோள்கொடுத்துத் தாங்கினார். அக்கா தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நில்லு தாயி, நில்லு தாயி" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். வயிற்றைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எழுத முடியாது. கெட்டுப்போன மாவு, சாராயம், பழம் எல்லாம் சேர்ந்த புளிப்பு. கையைத் தோள்வரை விட்டு அள்ளினேன். சோறு, சோறு, சோறு. பக்கெட் பக்கெட்டாகச் சோறு. முந்திரிப் பருப்பு அப்படியே இருந்தது. மாலை நார் ஒரு சுருள். கடைசியாக அடியில் விரலில் ஏதோ வழுக்கியது. இழுத்தேன். ஒரு பிளாஸ்டிக் பை. தாம்பூலப் பை. யாரோ லட்டைப் பையோடு நீட்டியிருக்க வேண்டும். அந்தத் தொழுவத்து மாடுகள் தெருவில் மேய்ந்ததே இல்லை, அதனால் வேறு ஒரு துண்டு பிளாஸ்டிக்கூட உள்ளே கிடையாது. இது ஒன்றுதான். பையின்மேல் தங்க எழுத்தில் என் பெரியப்பா, பெரியம்மாவின் பெயர்.

வயிற்றைக் கழுவிவிட்டு, பக்கத்தில் கட்டியிருந்த கறுப்பு மாட்டின் வயிற்றிலிருந்து குழாய் வழியாகச் சாறு எடுத்து, செவலைக்குள் ஊற்றினேன். செத்துப்போன நுண்ணுயிர்களுக்குப் பதிலாகப் புதியவை வேண்டும் அல்லவா? பிறகு தைத்தேன்.

செவலை விழவில்லை. சில நாட்களுக்குப் பிறகு வைக்கோலை ஒன்றிரண்டாக இழுத்தது. அது அசை போடுகிற சத்தத்தை முதல்முறை கேட்டபோது அக்கா தொழுவத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். ஆனால் பால் வற்றிப்போயிற்று. வந்த கொஞ்சத்திலும் என் மருந்து கலந்திருந்ததால் விற்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அதைக் கறந்து, என் கண் முன்னாலேயே சாக்கடையில் ஊற்றினார். கன்றுக்குக் கறுப்பு மாட்டின் பாலைப் புட்டியில் கொடுத்தார். திலக் நகர் வீடுகள் ஒவ்வொன்றாகப் பாக்கெட் பாலுக்கு மாறின. சில வாரங்களில் அமிலம் குளம்புக்கு இறங்கியது. நான்கு காலும் வலித்து, கொதிக்கிற தரையில் நிற்பதுபோல மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்த வாரம்தான் ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குப் போனேன். பெரியப்பா ஊஞ்சலில் இருந்தார். பெரியம்மா காபி கொண்டுவந்தாள். அண்ணாவும் இருந்தான். என்மேல் எல்லோருக்கும் கோபம் என்பது காபி டம்ளரை வைத்த விதத்திலேயே தெரிந்தது. நான் அந்தத் தாம்பூலப் பையை எடுத்து ஊஞ்சலில் பெரியப்பாவின் பக்கத்தில் வைத்தேன்.

"இது அந்த மாட்டோட வயித்துக்குள்ள இருந்துது, பெரியப்பா. வயித்தைக் கிழிச்சு எடுத்தேன்."

பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் பெயரைப் படித்தார். வெகுநேரம் படித்தார். பாங்கில் பெரிய அதிகாரியாக இருந்தவர், நியாயஸ்தர் என்று பெயரெடுத்தவர். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அலம்பிட்டியோ?" என்றார்.

"என்ன?"

"இல்லை, ஊஞ்சல்மேல வெச்சுட்டியே. அலம்பினியோன்னு கேட்டேன்."

அண்ணா சமாதானமாகப் பேசினான். "ஏதோ தெரியாம நடந்துடுத்து. அப்பா பேர்ல ஒரு கோசாலைக்கு நன்னாவே டொனேஷன் அனுப்பிடறேன். ப்ராயச்சித்தம் ஆயிடும்."

"அந்த மாடு கோசாலைல இல்லை அண்ணா. சுனாபட்டில இருக்கு. அந்தம்மா உன் மண்டப வாசல்ல ஸ்டூல்ல உக்காந்திருந்தா. அவளை உள்ள விட்டிருந்தா ஒரு பருக்கை அது வாய்ல போயிருக்காது. நீ அவகிட்ட போய்ப் பேசு. மாடு குணமாகற வரைக்கும் தீவனத்தை நீ வாங்கிப் போடு. கோசாலைக்கு ஒண்ணும் அனுப்ப வேண்டாம்."

"அவகிட்ட நான் போய்ப் பேசணுமா?"

அவன் அதைக் கேட்ட விதத்தில் எல்லாப் பதிலும் இருந்தது. நான் காபியைக் குடிக்காமல் எழுந்தேன். பெரியம்மா மட்டும் லிஃப்ட் வரை வந்தாள். "கன்னுக்குட்டி நன்னா இருக்கோல்லியோ?" என்று மெதுவாகக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

கோசாலைக்கு டொனேஷன் போயிற்று. ரசீதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. நான் குழுவிலிருந்து வெளியேறினேன்.

சுனாபட்டிக்கு யாரும் போகவில்லை. நான்தான் போனேன். குளம்பைச் செதுக்கி, மருந்துத் தண்ணீரில் நிறுத்தி, மணல் கொட்டி அதன்மேல் நிற்கவைத்து, மாதக்கணக்கில் பார்த்தேன். தீவனத்துக்கு நான் ஏற்பாடு செய்ததை அக்கா மறுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், மாட்டின் காலைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"சாமின்னு கும்புடுதாவ. அந்தச் சாமிக்கு என்னத்தத் திங்கக் குடுக்கணும்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாவளா? நான் வாசல்லதான உக்காந்திருந்தேன்?"

கால் வலியில் செவலை என்னை உதைத்தது. நியாயம்தான் என்று தோன்றியது.

அது மறுபடி சினைப்பிடிக்க வெகுகாலம் ஆயிற்று. அடுத்த ஈற்றில் பழைய பாலில் பாதிதான். இனித் தேறாது என்று நானே சொல்லிவிட்டேன். சரியாகக் கறக்காத மாட்டை வைத்துத் தீனி போட, நான்கே மாடு வைத்திருக்கிறவருக்கு வழியில்லை. ஆனாலும் அவர் செவலையை விற்கவில்லை. வேறு ஒரு மாட்டை விற்றார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "வயித்துல தையல் போட்ட மாட்ட எவன்கிட்ட நம்பிக் குடுக்க?" என்றார். இப்போதும் அங்கே என்னைத்தான் கூப்பிடுகிறார். வேலை முடிந்ததும் முன்பெல்லாம் சாயா குடித்துவிட்டுத்தான் போகச் சொல்வார். இப்போது சொல்வதில்லை.

போன மாதம் அண்ணாவின் மகன் திலக் நகரில் ஃபிளாட் வாங்கினான். கிருஹப்ரவேசத்துக்கு ஒரு பசு வேண்டும் என்று, வேறு வழியில்லாமல், எனக்கு ஃபோன் வந்தது. கொண்டுவருகிறேன் என்றேன். மாட்டுக்காரர் முதலில் உள்ளே வருவார், மாட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பார், அவர் கொடுக்கச் சொல்வதைத்தான் கொடுக்கவேண்டும், கடைசியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார் என்றேன். "கேட்டுச் சொல்றேன் அத்தை" என்று வைத்தான்.

திரும்பக் கூப்பிடவில்லை. வெள்ளியில் ஒரு பசுவும் கன்றும் வாங்கிப் பூஜை செய்துவிட்டார்களாம், பெரியம்மா சொன்னாள். என்னை அழைக்கவில்லை. அன்று நான் மான்குர்த்தில் ஒரு தொழுவத்தில் இருந்தேன். அமாவாசை முடிந்து இரண்டு நாள். யாரோ புண்ணியவான் கொண்டுவந்து கொட்டிய சோற்றைத் தின்றுவிட்டு ஒரு மாடு வயிறு உப்பிக் கிடந்தது. குழாயை எடுத்துக்கொண்டு, சோறு கொட்டியது யாரென்று கேட்டேன். தெரியாது, ஸ்கூட்டரில் வந்தார், மாட்டின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார் என்றார்கள்.